சத்தம் கூடியது, சக்தி கூடியதா?



மாலையில் எங்கள் தாமான் முனையில் ஒரு மோட்டார் திரும்பும் சத்தம் கேட்டால் போதும். அம்மா தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். அண்ணன் வருகிறார் என்பது நான்கு வரிசை வீடுகளுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். தம் கப்சாய் மோட்டாருக்குப் புதிய பைப் போட்ட நாளிலிருந்து இப்படித்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி முகம் சுளித்தார். தாமான் பையன்களோ வாசலுக்கு ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள்.

நான்கு மாதங்கள் கழித்து ஒரு மாலை அந்தச் சத்தம் கேட்கவில்லை. அண்ணன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தார். புகையை வெளியேற்றும் வால்வு எரிந்துபோயிருந்தது. வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைப்பவருக்கு மோட்டார் படுத்தால் வருமானமும் சேர்ந்து படுத்துவிடும். ஒன்பது நாள் வேலை இல்லை. பழுது பார்த்த செலவு தனி.

அண்ணனைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. பைப் மாற்றுவதற்கு முன் அவர் என்னிடம் கேட்டார். "டேய், நீதான் இஞ்சினியரிங் படிக்கிறியே, இந்தப் பைப் போட்டா ஒன்னும் ஆகாதுல்ல?" என்றார். நான் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே, "ஒன்னும் ஆகாதுண்ணே" என்றேன். இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவனின் ஆலோசனை அவ்வளவுதான். அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பரிகாரமாகத்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் இளைஞர்கள் பைப்பைக் காதாலும் கண்ணாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியது, நாம் அன்றாடம் ஓட்டும் வேகத்தைக் கொண்டு. அத்துடன், பைப்பை மட்டும் மாற்றிவிட்டு எரிபொருளையும் வால்வையும் அப்படியே விடுவது பாதி வேலை. அந்தப் பாதி வேலைதான் வால்வைத் தின்கிறது.

முதற்குழாயின் வேலை என்ன?

பட்டறையில் 'பைப்' என்றால் இஞ்சின் தொடங்கிப் பின்சக்கரம் வரையுள்ள முழுப் புகைக்குழாயையும் குறிக்கும். நான் இங்குப் பேசுவது அதன் முதற்பகுதியைப் பற்றி. இஞ்சினின் தலையோடு திருகப்பட்டு, வளைந்து, சைலன்சரை நோக்கிப் போகும் குழாய் அது. கார் வைத்திருப்போர் அதற்குப் பதிலாகப் போடுவதை 'எக்ஸ்ட்ராக்டர்' என்பார்கள். இக்கட்டுரையில் அதைத் 'தலைக்குழாய்' என்று அழைக்கிறேன்.

தலைக்குழாயை நம்மில் பலர் வெறும் சாக்கடைக் குழாயாக நினைக்கிறோம். பெரிதாக இருந்தால் புகை வேகமாக ஓடிவிடும் என்று நம்புகிறோம். ஆனால், இஞ்சினிலிருந்து வரும் புகை ஆற்று நீர்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. விட்டு விட்டுத் துடிப்பாக வருகிறது. புகை வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம் இன்னும் மிச்சம் இருக்கும். வால்வு திறந்ததும் அந்த அழுத்தம் ஓர் அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. சாதாரணக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். கொதிக்கும் புகையிலோ அந்த அலை நொடிக்கு 500 முதல் 600 மீட்டர் வரை செல்கிறது.

நான்காம் படிவ இயற்பியலில் அலைகள் பற்றிப் படித்தோமே, நினைவிருக்கிறதா? அலை ஒரு முனையை அடைந்தால் திரும்பி வரும். குழாய் திடீரென விரியும் இடத்தை அடையும் அழுத்த அலை, உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. அந்த உறிஞ்சும் அலை சரியான நேரத்தில் வால்வை வந்தடைந்தால், சிலிண்டரில் தங்கியிருக்கும் மிச்சப் புகையை இழுத்துவிடும். அப்போது புதிய காற்றை உள்ளே விடும் வால்வும் சற்றே திறந்திருக்கும். ஆகவே புதிய கலவையும் கூடுதலாக உள்ளே வரும். இஞ்சினுக்குக் கூடுதல் சக்தி கிடைப்பது இப்படித்தான். ஆக, தலைக்குழாய் புகையை வெளியே கொண்டுபோவதோடு நிற்பதில்லை. அடுத்த மூச்சை உள்ளே இழுக்கவும் உதவுகிறது.

'சரியான நேரம்' என்று சொன்னேன் அல்லவா? அதை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். புகை வால்வு திறப்பதற்கும் இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருப்பதற்கும் இடையே கிராங்க் ஏறத்தாழ 230 பாகை சுழல்வதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 8000 சுற்றில் அதற்கு ஆகும் நேரம் 4.8 மில்லிநொடி. அலையின் வேகம் 550 மீட்டர் என்றால், போய்த் திரும்ப 2.6 மீட்டர், ஒரு வழிக்கு 1.3 மீட்டர். அதே இஞ்சின் 5000 சுற்றில் ஓடினால் நேரம் 7.7 மில்லிநொடி, ஒரு வழித் தூரம் 2.1 மீட்டர். உண்மையான குழாய்களில் அலை பலமுறை போய்வருவதால் இவ்வளவு நீளம் தேவைப்படுவதில்லை. எனினும் கணக்கு சொல்லும் பாடம் மாறாது. மெதுவான வேகத்திற்கு நீண்ட குழாய். அதிவேகத்திற்குக் குட்டைக் குழாய். எல்லா வேகத்திற்கும் பொருந்தும் குழாய் என்று ஒன்று கிடையாது. 'எல்லாத்துக்கும் பவர் ஏறும்' என்று எவரேனும் விற்றால், அவர் விற்பது சத்தம் மட்டுமே.

'பேக் பிரஷர்' என்னும் கட்டுக்கதை

பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாசகம் உண்டு. "இஞ்சினுக்குப் பேக் பிரஷர் வேணும், தம்பி. அது இல்லாட்டி வால்வு எரிஞ்சிரும்." பின்னழுத்தம் வேண்டும் என்கிறார்கள். அண்ணனின் வால்வு எரிந்ததும் தாமானில் பலர் இதையே சொன்னார்கள். இதில் அனுபவம் உண்டு. ஆனால் காரணம் தவறு.

புகையை வெளியேறவிடாமல் தடுக்கும் அழுத்தத்தால் எந்த இஞ்சினுக்கும் நன்மையில்லை. அந்த அழுத்தத்தை எதிர்த்துப் பிஸ்டன் புகையைத் தள்ள வேண்டும். அதற்குச் சக்தி வீணாகும். அப்படியானால் பெரிய குழாய் போட்டபின் மோட்டார் ஏன் 'இழுக்க' மறுக்கிறது? புகையின் ஓட்ட வேகம் குறைந்துவிடுவதால்தான்.

பழுது பார்த்த நாளில் இரண்டு குழாய்களையும் அளந்து பார்த்தேன். பழைய தலைக்குழாயின் உள்விட்டம் 22 மில்லிமீட்டர், புதியது 28. வெறும் ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பளவு விட்டத்தின் இருபடிக்கு ஏற்ப வளரும். 28ஐ 22ஆல் வகுத்து இருபடியாக்கினால் 1.62. வாய் 62 விழுக்காடு அகலமாகிவிட்டது. அதே அளவு புகை அதில் ஓடும்போது அதன் வேகம் பழைய வேகத்தில் 62 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. வேகமாக ஓடும் புகைத்தொகுதி தன் பின்னால் இருப்பதையும் இழுத்துச் செல்லும். சோம்பலாக ஓடும் புகைக்கு அந்த இழுவை இல்லை. தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் சற்று அடைத்தால் தண்ணீர் தூரம் பாய்வதை நாம் பார்த்திருக்கிறோம். விரலை எடுத்துவிட்டால் தண்ணீர் கூடுதலாக வரும். ஆனால் காலடியிலேயே விழும்.

அண்ணனின் வேலை என்ன? சமிக்ஞை விளக்கில் நிற்பது, கிளம்புவது, அடுத்த சந்தில் திரும்புவது, அடுக்குமாடி வாசலில் நிறுத்துவது. நாள் முழுவதும் குறைந்த, நடுத்தரச் சுற்றுகளில்தான் அந்த இஞ்சின் ஓடுகிறது. பந்தயத் திடலில் உச்சச் சுற்றில் பறக்கும் வண்டிக்கு ஏற்ற அகலக் குழாயை அவர் அதில் மாட்டினார். மேட்டில் இழுவை குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட அவர் இன்னும் முறுக்கினார். சத்தம் கூடியதால் வேகமும் கூடியதாக எங்கள் எல்லோருக்கும் தோன்றியது. கடிகாரம் வைத்து யாரும் பார்க்கவில்லை.

கார் வைத்திருப்போருக்கும் இதே பாடம்தான்

நான்கு சிலிண்டர் கார்களில் இந்தத் தேர்வு இன்னும் தெளிவாகத் தெரியும். பல்கலைக்கழக வாகன நிறுத்துமிடத்தில் பழைய புரோட்டோன் வீராவும் சத்திரியாவும் மைவியும் வரிசையாக நிற்கின்றன. அவற்றிற்கான எக்ஸ்ட்ராக்டரில் இரண்டு வகை உண்டு. நான்கு குழாய்களும் நேராக ஒன்றில் சேர்வது '4-1'. நான்கும் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு அந்த இரண்டும் ஒன்றாவது '4-2-1'.

இக்கார்களின் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. 4-2-1 வகையில் 1உடன் 4ஐயும், 2உடன் 3ஐயும் இணைப்பார்கள். ஏன்? அந்த இணைகள் ஒன்றுக்கொன்று ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை இடைவெளியில் வெடிப்பவை. ஒன்றின் புகை மற்றதன் காலில் தடுக்காது. இரண்டு இடங்களில் சந்திப்பு இருப்பதால் உறிஞ்சும் அலைகளும் வெவ்வேறு நேரங்களில் திரும்புகின்றன. நடுத்தரச் சுற்றுகளில் முறுக்குவிசை பரவலாகக் கிடைக்கும். 4-1 வகை பொதுவாக உச்சச் சுற்றை நோக்கியது. மேலே நன்றாக இழுக்கும், கீழே சற்று வெறுமை. காலை எட்டு மணி வகுப்புக்கு நெரிசலில் ஊர்ந்து வரும் காருக்கு எது ஏற்றது? விடையை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

வால்வு ஏன் எரிகிறது?

இப்போது வால்வுக்கு வருவோம். புகை வால்வின் வாழ்க்கை கடினமானது. நிமிடத்திற்கு 5000 சுற்றில் அது 2500 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் நெருப்பாய்க் கொதிக்கும் புகை அதன் விளிம்பை உரசிக்கொண்டு ஓடுகிறது. உள்ளே வரும் புதிய கலவை உள்வால்வைக் குளிர்விக்கும். புகை வால்வுக்கு அந்தச் சுகம் இல்லை.

அப்படியானால் அது எப்படிக் குளிர்கிறது? மூடியிருக்கும் நேரத்தில் ஹெட்டிலுள்ள தன் இருக்கையோடு அழுந்தி உட்கார்ந்து, தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அங்கே இறக்கிவைக்கிறது. மிச்சம் தண்டின் வழியே போகிறது. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் சூடான கரண்டியைத் தொட்டால் கை ஏன் சுடுகிறது என்று படித்தோமே, அதே வெப்பக் கடத்தல்தான். இருக்கையில் உட்காரவிடாவிட்டால் வால்வு வெந்து சாகும்.

உட்காரவிடாமல் தடுப்பது எது? வால்வு இடைவெளி குறைவதுதான். வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே ஒரு நூலளவு இடைவெளி இருக்க வேண்டும். அண்ணனின் வண்டிக்குக் கையேட்டில் சொல்லியிருப்பது 0.05 மில்லிமீட்டர். வேறு வண்டிகளுக்கு வேறு அளவு. அந்தந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டும். ஓட ஓட வால்வு தன் இருக்கையைத் தேய்த்து உள்ளே அமிழ்கிறது. இடைவெளி தானாகக் குறைகிறது. அத்துடன் சூடானால் தண்டு நீளும். ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டின் சூடு 50 பாகை செல்சியஸ் கூடினால் அது 0.05 மில்லிமீட்டர் அளவு நீளும். ஹெட்டும் சற்று விரிவதால் அது முழுவதும் இடைவெளியைத் தின்றுவிடாது. ஆனாலும் ஏற்கெனவே குறைந்துபோன இடைவெளிக்கு அது போதும். வால்வு முழுதாக மூடாது. மூடாத சந்தில் நெருப்பு பீறிடும். விளிம்பு மேலும் சூடாகும். தண்டு மேலும் நீளும். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

அந்தக் கூடுதல் சூடு எங்கிருந்து வந்தது? பெட்ரோலும் காற்றும் மிச்சமின்றி எரிய 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று எடையளவில் வேண்டும். முழு விசையில் இஞ்சின் இதைவிடச் செறிவான கலவையில், அதாவது 12.5, 13 பங்கு காற்றில் ஓடும். அந்த மிகுதிப் பெட்ரோல் வெப்பத்தைத் தணிக்கவும் உதவுகிறது. கார்புரேட்டரிலுள்ள ஜெட் என்னும் சிறு துளை, பழைய குழாயின் அலைகளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்று. குழாயை மட்டும் மாற்றினால் சில வேகங்களில் காற்று கூடும். பெட்ரோல் அதற்கு ஈடுகொடுக்காது. கலவை மெலிந்து, புகையின் வெப்பம் ஏறும்.

மோட்டாரைத் திறந்து பார்த்தவர் எங்கள் வட்டாரத்தில் நெடுங்காலமாகப் பட்டறை நடத்தும் ஒரு முதியவர். ஹெட்டைக் கழற்றி, வால்வைத் துணியில் துடைத்து என் கையில் வைத்தார். வட்டமாக இருக்க வேண்டிய விளிம்பில் எலி கடித்த பிஸ்கட்போல் ஓர் இடம் காணாமல் போயிருந்தது. பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

"பைப் மாத்துனப்ப ஜெட் மாத்துனீங்களா?"

"இல்ல அங்கிள்."

"வால்வு கடைசியா எப்ப அட்ஜஸ்ட் பண்ணுனது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கேஸ்கெட்டாச்சும் புதுசு போட்டாங்களா?"

போடவில்லை. ஹெட்டும் குழாயும் சேரும் இடத்தில் கரும்புகை கசிந்த தடம் இருந்தது. அந்தக் கசிவின் வழியே, உறிஞ்சும் அலை வரும் நேரத்தில் வெளிக்காற்று உள்ளே நுழையும். விசையை விட்டதும் குழாயில் 'பட் பட்' என்று வெடிக்கும் சத்தத்திற்கு அது ஒரு காரணம். நாங்களோ அந்த வெடிச் சத்தத்தைப் பந்தய வண்டியின் அடையாளமாக எண்ணி ரசித்தோம்.

"பைப் மேல தப்பு இல்ல தம்பி. பைப்ப மட்டும் மாத்துனதுதான் தப்பு," என்றார் அவர். நான் மூன்றாண்டுகள் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மறுப்போருக்குச் சில வார்த்தைகள்

"எங்கள் வண்டி இன்ஜெக்‌ஷன், கணினியே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும்" என்று சிலர் சொல்லலாம். பாதி உண்மை. புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி உள்ள வண்டிகளில், சீராக ஓட்டும்போது கணினி கலவையைத் திருத்திக்கொள்ளும். ஆனால் முழு விசையில் பெரும்பாலான வண்டிகள் உணரியைக் கேட்பதில்லை. முன்பே பதிந்து வைத்த அட்டவணைப்படி பெட்ரோலைத் தெளிக்கின்றன. வால்வுக்கு அதிகச் சூடு ஏறுவது அந்த நேரத்தில்தான். உணரிக்கு முன்னால் கசிவு இருந்தாலோ, உணரி மாட்ட இடமே இல்லாத குழாயைப் போட்டாலோ, கணினி குருடாகிவிடும். மேலும், எந்தக் கணினியும் வால்வு இடைவெளியை அளந்து சொல்லாது.

"அப்படியானால் யாரும் பைப் மாற்றவே கூடாதா?" என்று வேறு சிலர் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. நன்கு வடிவமைத்த தலைக்குழாய், அதற்கேற்ற எரிபொருள் அளவு, சோதித்த வால்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் பலன் உண்டு. பந்தயக் குழுக்கள் அதற்காகவே சக்தியை அளக்கும் உருளைமேடையில் வண்டியை ஏற்றி, ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்னும் பின்னும் அளக்கிறார்கள். அவர்கள் அளந்து மாற்றுகிறார்கள். நாம் பார்த்து மாற்றுகிறோம். வேறுபாடு அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான சிறு இஞ்சினில் வால்வுப் பகுதியிலிருந்து 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம் வரும். அது இடைவெளி இருப்பதன் அடையாளம். சத்தமில்லாத வால்வு நல்ல வால்வு என்பதில்லை. இடைவெளியே இல்லாத வால்வும் அமைதியாகத்தான் இருக்கும். அண்ணனின் வண்டியில் அந்த 'டிக் டிக்' எப்போது நின்றது? எங்களுக்குத் தெரியாது. புதிய பைப்பின் இரைச்சலில் அதைக் கேட்க வழியே இல்லை. ஊருக்கெல்லாம் கேட்கும் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கி, எங்கள் வண்டி எங்களிடம் சொன்ன எச்சரிக்கையைக் கேட்காமல் போனோம். மோட்டார் வாகன இரைச்சலுக்கென்று நம் நாட்டில் 1987ஆம் ஆண்டிலேயே தனி விதிமுறைகள் வந்துவிட்டன. அபராதத்திற்குப் பயந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். நான் சொல்வது, நம் இஞ்சினைக் கேட்பதற்காகவாவது குறைப்போம்.

படித்தது எங்கே போனது?

வால்வைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெப்பக் கடத்தலைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்தேன். அலையின் எதிரொளிப்பைத் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தேன். வெப்ப இயக்கவியலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தேன். மூன்றிலும் தேர்ச்சி பெற்றேன். ஆனால் அண்ணன் வரவேற்பறையில் நின்று சாதாரணத் தமிழில் ஒரு கேள்வி கேட்டபோது, மூன்றில் ஒன்றுகூட என் வாய்க்கு வரவில்லை. மூன்று மொழிகளில் மூன்று அலமாரிகளில் பூட்டி வைத்திருந்தேன். தேர்வு வந்தால் மட்டும் திறப்பேன்.

தமிழில் தொழில்நுட்பம் பேச முடியுமா என்று நாம் கருத்தரங்குகளில் விவாதிக்கிறோம். அந்த முதியவர் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். 'ஜெட்', 'கேஸ்கெட்' என்று கடன் சொற்கள் கலந்திருக்கலாம். ஆனால் காரணமும் விளைவும் தமிழில் இருந்தன. அவரிடம் இல்லாதது அலைக்கணக்கு. என்னிடம் இல்லாதது கை. இரண்டும் சந்திக்காதவரை, 'பேக் பிரஷர்' போன்ற கட்டுக்கதைகள் பட்டறையிலும், 'ஒன்னும் ஆகாதுண்ணே' போன்ற அலட்சியங்கள் பல்கலைக்கழகத்திலும் வாழ்ந்துகொண்டிருக்கும்.

நம் தமிழ்மொழிக் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்துகிறோம், மகிழ்ச்சி. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு பழைய இஞ்சினைத் திறந்து வைத்து, ஒரு பட்டறைக்காரரையும் ஒரு பொறியியல் மாணவரையும் தமிழில் விளக்கச் சொல்லலாமே! நம் அண்ணன் தம்பிகளையும் அழைத்து வரலாம். கழகத்தில் பொறியியல் மாணவர்கள் நான் ஒருவன் மட்டுமல்லவே.

அதுவரை, பைப் மாற்ற நினைக்கும் நண்பர்கள் இந்த ஐந்தையும் செய்யுங்கள். முதலில், நீங்கள் அன்றாடம் எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டாவது, புதிய குழாயின் உள்விட்டத்தைப் பழையதோடு அளந்து ஒப்பிடுங்கள். மூன்றாவது, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியைப் பீலர் கேஜால் அளக்கச் சொல்லி, அருகில் நின்று பாருங்கள். நான்காவது, புதிய கேஸ்கெட் போட்டு, கசிவு இல்லையென்று உறுதிசெய்யுங்கள். ஐந்தாவது, மாற்றியபின் கலவையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வண்டியென்றால் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைக் காட்டச் சொல்லுங்கள். இளம்பழுப்பாக இருந்தால் நிம்மதி. வெளுத்துச் சுண்ணாம்புபோல் இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, ஓட்டாதீர்கள். இந்த ஐந்தையும் செய்ய மறுக்கும் பட்டறையில் பைப் மாற்றாதீர்கள்.

அண்ணன் இப்போது பழைய குழாயையே திரும்பப் போட்டுவிட்டார். புதியது வீட்டுப் பின்புறம் துணி காயும் கம்பிக்கு அடியில் கிடக்கிறது. அவருக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். தாமான் பையன்களுக்கு அதைவிட வருத்தம். அம்மாவுக்கும் ஒரு குறை. "இப்பல்லாம் இவன் வர்றதே தெரிய மாட்டேங்குது" என்கிறார், தேநீர் தாமதமாகிறது.

மாதம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது நானும் அண்ணனும் வால்வு மூடியைத் திறக்கிறோம். பீலர் கேஜை நான் பிடிக்கிறேன். திருகியை அவர் பிடிக்கிறார். முடித்ததும் மிதித்துக் கிளப்பி, இருவரும் குனிந்து கேட்கிறோம்.

டிக், டிக், டிக்.

"ஒன்னும் ஆகாதுல்ல?" என்கிறார் அண்ணன்.

இப்போது அளந்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.